சவலையும் தேறுதலும்

சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில், ஷென்டன் வேயை ஒட்டி, மிஸ்திரி ரோடு என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. அதன் அருகிலேயே பார்சி ரோடு. பகல் சாப்பாட்டு வேளையில் கழுத்தில் அலுவலக அட்டையும் கையில் சோற்றுப் பொட்டலமுமாக எத்தனையோ பேர் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்து போகிறார்கள். அந்தப் பெயருக்குரியவர் நவ்ரோஜி மிஸ்திரி, சோடா கம்பெனி நடத்திய பார்சிக்காரர். அவுட்ரம் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் ஏழைக் குழந்தைகள் நடைகூடத் தரையில் படுத்துக் கிடந்ததைப் பார்த்து அவர் மனம் பொறுக்கவில்லை என்று சொல்வார்கள். 1952-இல் ஒன்பதரை லட்சம் வெள்ளியை எடுத்துக் கொடுத்தார். குழந்தைகளுக்கென்று ஒரு கட்டடம் எழும்பியது. அது எழுவதற்குள் அவர் கண்மூடிவிட்டார்.

இந்தத் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் எனக்குச் 'சவலை' என்ற சொல் நினைவுக்கு வரும். தாயின் வயிற்றில் அடுத்த பிள்ளை உண்டாகிவிட, பால் மறக்கடிக்கப்பட்டு, மடியும் பறிபோய், இளைத்துத் துவண்டு நிற்கும் பிள்ளையைத்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் சவலைப் பிள்ளை என்றார்கள். அதற்கு எதிர்ச்சொல்லும் வைத்திருந்தார்கள்: 'பிள்ளை தேறிவிட்டது.' இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் என்ன நடக்க வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அந்தக் கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் தஞ்சோங் பகாரிலிருந்து நடந்து போகும் தூரத்தில் நடந்தது.

அன்று: டின் பால்

1930-களின் தஞ்சோங் பகார் துறைமுகத்தை நம்பி இருந்த ஊர். கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கிய கூட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் பலர். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த தமிழ் முஸ்லிம்கள் இங்கே வீடு பிடித்தார்கள். அவர்களின் பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். அவர்கள் அமைத்த சங்கம்தான் 1946-இல் இந்த வட்டாரத்தில் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. கியோங் சைக் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயிலின் 'லயன்' என்ற சொல்லும் ஆஸ்பத்திரிப் பக்கத்துச் சிப்பாய் லயன்களிலிருந்து வந்ததுதான். ஆஸ்பத்திரியும் துறைமுகமும் தமிழரும் அப்படி அண்டை அயலாக வாழ்ந்தார்கள்.

அந்தச் சிப்பாய் லயன் பகுதியில் இருந்த ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரிக்கு, 1936-இல் மலாயாவுக்கு மாற்றலாகி வந்த ஒரு பெண் மருத்துவர் பாடம் எடுக்க வந்தார். பெயர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் பிறந்தவர். அதற்கு முன் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில், அதாவது இன்றைய கானாவில், வேலை பார்த்தவர். அங்கே உடல் வீங்கி, தோல் உரிந்து, தலைமுடி நிறம் மாறி இறந்துபோன பிள்ளைகளைப் பார்த்து, "இதை நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று தாய்மார்களையே கேட்டார். கா மொழியில் அவர்கள் சொன்ன பெயர் 'குவாஷியோர்கர்'. அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்த பிள்ளைக்கு வருகிற நோய் என்று பொருள். 1930-களில் அவர் எழுதிய கட்டுரைகள் வழியாக அந்தச் சொல் மருத்துவ நூல்களில் ஏறியது.

நம் 'சவலை'யும் அதே பொருள்தான். கடல் கடந்த இரண்டு மொழிகள், ஒன்றை ஒன்று அறியாமல், ஒரே காட்சிக்குப் பெயர் வைத்திருக்கின்றன. இரண்டுமே பிள்ளையைக் குறை சொல்லவில்லை. அதனிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்பதைச் சொல்கின்றன.

சிங்கப்பூரில் வில்லியம்ஸ் கண்டது வேறு வகைப் பறிப்பு. சர்க்கரை சேர்த்த கெட்டிப்பால் டின், தாய்ப்பாலுக்கு ஈடானது என்று விளம்பரம் செய்யப்பட்டது. தாதி உடையணிந்த பெண்கள் ஏழைக் குடியிருப்புகளுக்கே வந்து அதை விற்றார்கள். அந்தப் பாலில் சர்க்கரை இருந்தது. பிள்ளை வளரத் தேவையான சத்து போதவில்லை. டின் சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று தாய் அதில் தண்ணீரைக் கூட்டினாள். அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேச அழைக்கப்பட்டபோது வில்லியம்ஸ் தன் உரைக்கு வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையில், டின் பால் தாய்ப்பாலுக்கு ஈடு என்று தாய்மாரை நம்ப வைப்பது கொலைக்குச் சமம் என்று சொல்ல அவருக்குத் துணிச்சல் இருந்தது. போர் வந்தது. அவரும் சாங்கி சிறையில் அடைக்கப்பட்டு, பசியையும் பெரிபெரியையும் தன் உடம்பிலேயே அனுபவித்தார். 1981-இல் உலக சுகாதார மன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களின் விற்பனைக்கு விதிகள் வகுத்தபோது, 1939-இன் அந்தக் குரலுக்கு 42 வயதாகியிருந்தது.

தரையிலிருந்து கட்டிலுக்கு

போர் முடிந்த சிங்கப்பூரில் அரிசிக்கே பஞ்சம். 1946-இல் சமூகநலத் துறை உருவாகி மக்கள் உணவகங்களைத் திறந்தது. 1947-இல் சின்னப் பிள்ளைகளுக்கென்றே உணவு நிலையங்கள் வந்தன. தட்டேந்தி வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தொண்டர்களில் சிலர்தான், பசியின் வேர் எங்கே இருக்கிறது என்று யோசித்து 1949-இல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த பேற்றில் முந்தைய பிள்ளை சவலையாவதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

1950-இல் இந்தத் தீவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 80-க்கும் மேற்பட்டோர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அந்த எண்ணிக்கை 2 அளவில் நிற்கிறது. மிஸ்திரி கொடுத்த பணத்தில் எழுந்த கட்டடம் அந்த இறக்கத்தின் முதல் படிகளில் ஒன்று: தரையில் கிடந்த பிள்ளைக்குக் கட்டில் கிடைத்தது. கட்டிலில் கிடத்திய பிள்ளைக்கு எப்படிச் சோறூட்டுவது என்பதைத்தான் உலகம் இன்னும் கற்றிருக்கவில்லை.

வற்றிப்போன பிள்ளையைக் கண்டால் நெஞ்சு பதறும். வயிறு நிறையக் கொடு என்றுதான் தோன்றும். அந்த அன்பே சில சமயம் உயிரை எடுத்துவிடும். பட்டினியில் உடம்பு தன் எல்லா வேலைகளையும் குறைத்துக்கொண்டு, ஈரல், சிறுநீரகம், இதயம் எல்லாவற்றையும் மெல்ல ஓட்டிக்கொண்டிருக்கிறது. திடீரென்று பால், முட்டை, உப்பு என்று கொட்டினால் இதயம் தாங்காது. சத்துமருந்து என்று நல்லெண்ணத்தோடு கொடுக்கும் இரும்புச்சத்துகூட, முதல் நாட்களில் உள்ளே ஒளிந்திருக்கும் கிருமிக்குத்தான் பலம் சேர்க்கும். மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகளே மறுநாள் இறந்ததற்குக் காரணம் இதுதான் என்று புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகள் ஆயின. உலக சுகாதார நிறுவனம் அதைப் படிப்படியான கையேடாக 1999-இல் வெளியிட்டது. அதற்குள் இன்னொரு பசி வந்து சேர்ந்துவிட்டது.

இரண்டாவது பசி

1985-இல் சிங்கப்பூரில் முதல் எச்.ஐ.வி. தொற்று பதிவானது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். பயமும் பழிச்சொல்லும் நோயை விட வேகமாகப் பரவின. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் எல்லாம் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்ற விளம்பரம். அது ஆண்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி. அந்த ஆணின் மனைவி, அவள் வயிற்றுப் பிள்ளை என்று தொடர்ந்த சங்கிலியைப் பற்றி வீடுகளில் யாரும் வாய் திறக்கவில்லை.

எச்.ஐ.வி.யோடு பிறந்த பிள்ளைகள் இளைப்பதற்குப் பல வழிகள் உண்டு. கிருமியோடு ஓயாமல் போராடும் உடம்பு, சும்மா படுத்திருக்கும்போதே கூடுதல் எரிபொருள் கேட்கிறது. வெளிக்கு நன்றாக இருக்கும் பிள்ளைக்கே பத்தில் ஒரு பங்கு அதிக உணவு வேண்டும். எடை இறங்கத் தொடங்கினால் 20 முதல் 30 சதவீதம். எலும்பும் தோலுமாகிவிட்டால் தேறும் காலத்தில் 50 முதல் 100 சதவீதம் வரை கூடுதலாகத் தேவை. ஆனால் வாயில் வெண்படலம் படர்ந்து, விழுங்கினாலே எரிகிறது. தின்றதைக் குடல் தங்கவிடுவதில்லை. காசநோய் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, சம்பாதிக்க வேண்டிய தகப்பனும் ஆக்கிப்போட வேண்டிய தாயும் நோயில் கிடக்கிறார்கள், அல்லது இல்லை. எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளை இரட்டைச் சவலை: பால் போன பிள்ளை, மடியும் போன பிள்ளை.

மருந்து கிடைக்காத நாட்களில், தொற்றோடு பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் இரண்டு வயதைத் தாண்டவில்லை. அப்படி விடப்பட்ட குழந்தைகளை ஏற்று வளர்க்க, குழந்தைகளின் இரைப்பை, குடல் மருத்துவரான பி. மனோரமா சென்னையில் 'செஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 1928-இல் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக எழுப்பிய தாம்பரம் சானடோரியம், எச்.ஐ.வி. நோயாளிகளின் புகலிடமாகவும் ஆனது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கிய எட்டு மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அப்போதும் பிள்ளைகளுக்கென்று தனி மருந்தில்லை. பெரியவர்களின் மாத்திரையை உடைத்துத்தான் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கான அளவில் மாத்திரை 2006 இறுதியில்தான் அரசுத் திட்டத்தில் வந்தது.

இந்தக் காலத்தில்தான் தாய்ப்பாலா, டின் பாலா என்ற 1939-இன் கேள்வி தலைகீழாகத் திரும்பி வந்தது. தாய்ப்பாலிலும் கிருமி இருக்கிறது என்று தெரிந்ததும், தொற்றுள்ள தாய்மார்களிடம் புட்டிப்பால் கொடு என்றார்கள். சுத்தத் தண்ணீர் இருந்த இடத்தில் அது பலித்தது. போட்ஸ்வானாவில் 2006-இன் தொடக்கத்தில் பெருமழைக்குப் பின் வயிற்றுப்போக்கு பரவியபோது, புட்டிப்பால் குடித்த குழந்தைகள்தான் அதிகம் இறந்தார்கள். தாய்ப்பாலும் மாற்றுப்பாலும் கலந்து கொடுப்பது எல்லாவற்றையும் விட ஆபத்து என்று டர்பன் நகர ஆய்வு முன்பே சொல்லியிருந்தது. விடை பாலில் இல்லை, தாய்க்குக் கொடுக்கும் மருந்தில் இருந்தது. சிகிச்சை ஏதுமில்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம்; தாய் ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் அது 5 சதவீதத்துக்கும் கீழே போகிறது. தாயைத் தேற்றினால் பிள்ளை சவலையாகாது என்று நம் பாட்டிமார் சொல்லியிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டோம். அறிவியலும் அங்கேதான் வந்து நின்றது.

இன்று: இரண்டு மணிக்கு ஒரு தரம்

இன்று அந்தப் பிள்ளைக்கு எப்படி ஊட்டுகிறார்கள் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஐந்து கிலோ எடையில் வந்து சேர்ந்த ஒன்றரை வயதுப் பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மேற்கையில் நாடாவைச் சுற்றி அளக்கிறார்கள்; சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் உயிருக்கு ஆபத்து. முதல் உணவு எஃப்-75 என்ற பால். ஒரு லிட்டருக்கு 25 கிராம் கொழுப்பெடுத்த பால்பொடி, 70 கிராம் சீனி, 35 கிராம் தானிய மாவு, 27 கிராம் எண்ணெய், அளந்து சேர்த்த தாது உப்பும் வைட்டமினும். நூறு மில்லியில் 75 கலோரி. அதனால்தான் அந்தப் பெயர். ஒரு வேளைக்கு 55 மில்லி. காபிக்கடைக் கோப்பையில் பாதிகூட இராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், இரவும் பகலும் சேர்த்துப் பன்னிரண்டு தரம். புட்டி கிடையாது, கிண்ணமும் கரண்டியும்தான். பிள்ளையை மடியில் சாய்த்து உட்காரவைத்து, வாய்ப்புண்ணில் படாமல் உதட்டோரம் கரண்டியை வைத்து, அது விழுங்கும் வரை காத்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒரு வேளையைத் தவறவிட்டால், விடிவதற்குள் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி உடம்பு சில்லிட்டுவிடலாம். அந்த வேளையில் விழித்திருக்கும் தாதியும் தாயும்தான் மருந்தில் பாதி.

சில நாட்களில் பிள்ளை தானே கிண்ணத்துக்குக் கை நீட்டும். பசி திரும்பியதுதான் முதல் நல்ல சேதி. அதன் பிறகே நூறு கலோரிப் பாலும் இரும்புச்சத்தும். எச்.ஐ.வி. மருந்தையும் உடம்பு நிலைப்பட்டவுடன், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்கள். உணவு மட்டும் கொடுத்தால் கிருமி அதைத் தின்றுவிடும். மருந்து மட்டும் கொடுத்தால் அதைத் தாங்க உடம்பில் தெம்பிருக்காது. கைக்குழந்தைகளுக்கு உடனே மருந்து தொடங்கினால் சாவு 76 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் காட்டியது. அன்று பிள்ளைகள் கசந்து துப்பிய மருந்துக்குப் பதிலாக, இன்று தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் ஸ்ட்ராபெரி சுவை டோலுடெக்ராவிர் மாத்திரை இருக்கிறது.

வீடு திரும்பும் பிள்ளைக்கு வேர்க்கடலை விழுது, பால்பொடி, சீனி, எண்ணெய், சத்துகள் சேர்த்த பொட்டலம் கிடைக்கிறது. 1990-களில் பிரெஞ்சு மருத்துவர் ஆந்த்ரே ப்ரியான் உருவாக்கியது. 92 கிராமில் 500 கலோரி. அதன் சிறப்பு சத்தில் மட்டும் இல்லை: தண்ணீர் கலக்கத் தேவையில்லை என்பதில் இருக்கிறது. அன்றைய டின் பாலைக் கொலைகாரப் பாலாக்கியது எதுவோ, அதைப் பொட்டலத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அங்கன்வாடிச் சத்துமாவும் நம் வேர்க்கடலை உருண்டையும் இதற்கு அக்காள் தங்கைதான். தேறிய பிள்ளை திரும்பிப் போக வேண்டியது அந்த வீட்டுச் சோற்றுக்குத்தான்.

உலக சுகாதாரக் கையேட்டின் பத்துப் படிகளில் ஒன்பதாவது படி என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். பிள்ளையோடு விளையாடு, பேசு, தூக்கி வைத்துக்கொள் என்கிறது அது. சவலைக்கு மடியும் மருந்து என்பதை மருத்துவ நூலே ஒப்புக்கொண்ட இடம் அது.

இன்று: தஞ்சோங் பகார், தேக்கா, ஊர்

தஞ்சோங் பகாரில் இப்போது 290 மீட்டர் உயரக் கோபுரம் நிற்கிறது. சரக்குக் கப்பல்கள் பாசிர் பாஞ்சாங்குக்கும் துவாஸுக்கும் போய்விட்டன. ரயில் நிலையத்தில் 2011-க்குப் பின் ரயில் வருவதில்லை. மிஸ்திரியின் கட்டடத்தில் இருந்த பிள்ளைகள் பிரிவு 1997-இல் தேக்காவை அடுத்த கேகே மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தது. 2004 டிசம்பரிலிருந்து இங்கே கர்ப்பிணிகள் எல்லோருக்கும், வேண்டாம் என்று சொன்னால் ஒழிய, எச்.ஐ.வி. பரிசோதனை வழக்கமாகச் செய்யப்படுகிறது. எல்லோரிடமும் எடுப்பதால் யாரும் தனியாகக் குறிக்கப்படுவதில்லை, வெட்கமும் இல்லை. எச்.ஐ.வி.யோடு பிறக்கும் குழந்தை இன்று சிங்கப்பூரில் மிக அரிது. மலேசியா 2018-இலும் இலங்கை 2019-இலும் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடுகள் என்ற சான்றைப் பெற்றுவிட்டன. நம் கண்ணெதிரே நடந்த பெரும் வெற்றி இது.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு வெளிவாசல் இருக்கிறது. வேலை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி.யும் உண்டு. தொற்று இருந்தால் அந்தத் தொழிலாளி இங்கே வேலை செய்ய முடியாது. ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்தக் கோபுரங்களைக் கட்டிய கைகளில் புதுக்கோட்டைக் கைகளும் சிவகங்கைக் கைகளும் உண்டு. ஊர் திரும்பும் ஒருவர் அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்குள் நுழைகிறாரா, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் ஒடுங்குகிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அவர் மனைவிக்கு மருந்து கிடைப்பதும், அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளை தேறுவதும். பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படிப்புக்கும் ஊட்டத்துக்கும் உதவ 2009-இல் தமிழ்நாடு அரசு தனி அறக்கட்டளை அமைத்தது. பாகுபாட்டைத் தடுக்க 2017-இல் இந்தியாவில் சட்டமும் வந்தது. உதவி இருக்கிறது. அதைக் கேட்க வாய் திறக்கும் துணிவைத்தான் ஊர் கொடுக்க வேண்டும்.

உலகில் இன்னும் சுமார் 14 லட்சம் பிள்ளைகள் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறார்கள். அவர்களில் பாதியை விடச் சற்று அதிகமானோருக்கே மருந்து கிடைக்கிறது. 2025-இன் தொடக்கத்தில் அமெரிக்க உதவிப் பணம் நிறுத்தப்பட்டபோது மருந்தும் கடலைப் பொட்டலமும் பல ஏழை நாடுகளில் தடுமாறின. பிள்ளையைத் தேற்றும் வழி தெரியாமல் தவித்தது அன்று. வழி தெரிந்தும் கைவிடுவது இன்று. இரண்டாவதுதான் பெரிய குற்றம்.

மிஸ்திரி எந்த மருத்துவக் கண்டுபிடிப்பும் செய்யவில்லை. தரையில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார். பார்த்ததை மறக்காமல் தன் பையைத் திறந்தார். வில்லியம்ஸ், பிள்ளையின் நோய்க்குத் தாயிடமே பெயர் கேட்டார். இருவரும் செய்தது ஒன்றுதான்: பிள்ளையிடமிருந்து எது பறிபோனது என்று பார்த்து, அதைத் திருப்பிக் கொடுக்க முயன்றார்கள். இன்றைக்கும் ஏதோ ஒரு வார்டில், இரவு இரண்டு மணிக்கு, 55 மில்லிப் பாலைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டிருக்கிறாள் ஒரு தாய். நான்கு மணிக்கும் அவள் விழித்திருக்க வேண்டும். அவளைச் சுற்றியிருக்கும் ஊரும் விழித்திருந்தால், பிள்ளை தேறிவிடும்.